நடவடிக்கைக் குறிப்பு

பொதுக்கூட்டம் ஞாயிறு காலை பத்துக்கு.
வியாழன் இரவே குறிப்பை அடித்து முடித்துவிட்டேன்.

'தலைவர் பதவிக்கு ஒரே ஒரு மனு வந்ததால்
திரு. பக்கிரிசாமி அவர்கள்
ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.
பலத்த கைத்தட்டல்.'

'பலத்த' போடச் சொன்னவர் செயலாளர்.
வந்தோர் தொகைக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.
வாடகை நாற்காலி எத்தனை என்று கேட்டு
அதையும் அவரே நிரப்பினார்: 212.

மனு பாரத்தில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.
என் மேசையில், இரண்டாம் இழுப்பறையில் இருக்கும்.
சாவி செயலாளரிடம்.
செயலாளர் ஈப்போவில் மகள் வீட்டில்.
மனு முடிகிற நாள் சாயங்காலம்
ஐந்தடித்து ஐந்து நிமிடம் கழித்து
அவர் காடி சடக்கில் திரும்பும்.

பாரம் கிடைத்தாலும்
முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்.
இருவருக்கும் சங்கத்தில் கடன் பாக்கி இருக்கக் கூடாது.
சுங்கை கெலாடியில் கடன் பாக்கி இல்லாதவர்கள்
கமிட்டியில் இருக்கிறார்கள்,
அல்லது செம்பனைக்குப் பின்னால், இடுகாட்டில்.
இடுகாட்டுக்காரர்கள் கூட்டம் தவறுவதில்லை,
வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்,
கையெழுத்துக்கூட எல்லாருக்கும் ஒரே மாதிரி அழகு.

யாரையும் மிரட்டியதில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.
கூரை ஒழுகினால் எழுதிக் கொடுக்கிறோம்.
சில வீட்டுக்கு ஆள் வரும்,
சில வீட்டுக்கு மழை வரும்.
அவ்வளவுதான்.

ஞாயிறு, தமிழ்ப்பள்ளி மண்டபம்.
"ஆட்சேபம் உண்டா?"
மூன்று முறை கேட்க வேண்டும் என்பது விதி.
மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பது வழக்கம்.
மூன்றாவது 'உண்டா' முடிவதற்குள்
ஒரு கை.

மருந்தடிக்கிற பவளக்கொடி.
நகமெல்லாம் மஞ்சள்.

"கக்கூசு பின்பக்கம்மா" என்றார் பொருளாளர்.
சிரித்தார்கள்.
நானும்.

கை இறங்கவில்லை.
தலைவர் ஏற்புரை நிகழ்த்தினார், கை இருந்தது.
தேவாரத்துக்கு எல்லாரும் எழுந்தோம்,
அவளும் எழுந்தாள்,
கை இன்னும் கொஞ்சம் உயரமானது.
மீகூன் வந்தபோது
மற்றக் கையால் வாங்கிக்கொண்டாள்.
என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான் கேட்டிருக்கலாம்.
கேட்டால் பதிலை எங்கே எழுதுவது?
குறிப்பு வியாழனே முடிந்துவிட்டது.

திங்கள் காலை
212ஐ 211 ஆக்கிக் கொடுத்தேன்.
"ஒன்னு குறையுதே?"
"ஒருத்தி ஏகமனசுல சேரலைங்க."
என்னை ஒரு தரம் பார்த்தார்.
211ஐ அடித்து மேலே 212 எழுதி
திருத்தத்துக்குப் பக்கத்தில்
தேதியோடு கையொப்பம் வைத்தார்.
கணக்கில் சுத்தமானவர்.
அதனால் கோப்பில், நீல மையில்,
அந்த ஒன்று குறைந்தது
இன்னும் தெரிகிறது.

மண்டோரும் கமிட்டிதான்.
பவளக்கொடிக்கு மறுமாதம் மேட்டு பிளாக்.
நிறைந்த மருந்துத் தோம்பு முதுகில்,
வழுக்கும் சரிவு.
பெரட்டில் பேர் கூப்பிடும்போது
கை தூக்காமல் "இருக்கேன்" என்கிறாளாம்.

இந்த வருடம் ஒரு புது விதி அடித்தேன்.

'14அ. கூட்டத்தில் கை தூக்க விரும்புவோர்
ஏழு நாள் முன்னதாக
உரிய பாரத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.'

பாரமும் என் வேலைதான்.
பெயர். உறுப்பினர் எண். எந்தக் கை.
ஐம்பது படி எடுத்து இரண்டாம் இழுப்பறையில் வைத்தேன்.
செயலாளர் பூட்டினார்.

நாற்பத்தொன்பது.

ஒன்று என் கைப்பையில்,
மளிகைச் சீட்டுக்கு நடுவே மடித்தபடி.
பெயர் எழுதியாயிற்று. எண்ணும்.
எந்தக் கை என்ற இடத்தில்
இன்னும் எழுதவில்லை.